22, 0.93, தொப்பி

வேலையிலிருந்து விலகுகிறவர் நிரப்பித் தரவேண்டிய பொறுப்பு ஒப்படைப்புப் படிவம் எங்கள் அலுவலகத்தில் ஒரே பக்கம்தான். மடிக்கணினி, அடையாள அட்டை, அலுவலக சிம் கார்டு, காற்றாலை வளாகங்களுக்குப் போகும்போது அணியும் தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி என்று ஒவ்வொன்றுக்கும் அதில் கட்டம் போட்டிருந்தார்கள். ஏழு ஆண்டுகளாக நான் கட்டி, கலைத்து, மறுபடியும் கட்டிய முன்கணிப்புக் கணினி மாதிரிகளுக்கு மட்டும் கட்டம் இல்லை. ‘இதர பொருட்கள்’ என்ற இடத்தில் ‘மாடல் – 3’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதற்கு முந்தைய வரியில் ‘மேசை விசிறி – 1’ என்றிருந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் இயங்கிய சிறிய நிறுவனம் அது. பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் பக்கத்துக் காற்றாலை உரிமையாளர்களுக்காக, நாளைக்கு எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் வரும் என்று கணித்துச் சொல்வது எங்கள் தொழில். மின்தொகுப்புக்கு மின்சாரம் கொடுக்கிறவர்கள் ஒரு நாளை 15 நிமிடங்கள் கொண்ட 96 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தாங்கள் தரவிருக்கும் அளவை முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். அறிவித்ததற்கும் கொடுத்ததற்கும் உள்ள வேறுபாடு அனுமதித்த வரம்பைத் தாண்டினால் அதற்குக் கட்டணம் உண்டு. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இதற்கான விதிமுறைகளை 2019இல் வெளியிட்டது. அந்த வேறுபாட்டை அளக்கும்போது, இயங்கும் நிலையில் உள்ள இயந்திரங்களின் மொத்தத் திறனால் வகுக்கவேண்டும் என்ற சிறு விவரம் பின்னால் தேவைப்படும் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

காற்றைக் கணிப்பதில் உள்ள கொடுமை, அதன் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதுதான். வினாடிக்கு 8 மீட்டர் என்று நாம் சொன்ன நேரத்தில் 9 மீட்டர் வீசினால், வேகத்தில் எட்டில் ஒரு பங்காக இருந்த பிழை ஆற்றலில் 42 விழுக்காடாகிவிடும். இதற்கு மேல் எங்கள் சீமைக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்ற மூன்று கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று தமிழ்நாட்டுக்குள் பாய்கிறது. எங்கள் வாடிக்கையாளர்கள் அனைவரும் மூன்றாவது கணவாயை நம்பிப் பிழைப்பவர்கள். உலகம் முழுவதற்குமான ஜிஎஃப்எஸ் வானிலைக் கணிப்போ பூமியைக் கால் பாகைக் கட்டங்களாகப் பிரித்துத் தன் முடிவுகளைத் தருகிறது; நம் பகுதியில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். மலை, கணவாய், அதற்குக் கிழக்கே விரியும் தேரிமண் வெளி எல்லாம் அந்த ஒரு கட்டத்துக்குள் கலந்து ஒற்றை எண்ணாகிவிடுகின்றன. அந்த எண்ணை வாங்கி, பழைய உற்பத்திக் கணக்கோடு ஒப்பிட்டு, பணகுடியில் உண்மையில் வீசப்போகும் காற்றாக மாற்றுவதே என் மாதிரியின் வேலை. மற்ற இரண்டில் ஒன்று சூரிய மின்சாரத்துக்கானது, இன்னொன்று பழுதைக் கணிப்பது. அவற்றை விட்டுவருவதில் எனக்கு வருத்தம் எதுவும் இருக்கவில்லை.

இவற்றின் உரிமை யாருக்கு என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957 கணினி நிரலையும் தரவுத் தொகுப்பையும் இலக்கியப் படைப்பாகக் கருதுகிறது; பணி ஒப்பந்தத்தின்கீழ் வேலையின் பகுதியாக எழுதப்பட்டதற்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, முதல் உரிமையாளர் பணியமர்த்தியவரே என்று அதன் 17ஆவது பிரிவு சொல்கிறது. அதே நேரத்தில், ஒருவர் தம் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு. ஆகவே கோப்பு அவர்களுடையது, கை என்னுடையது. இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் மங்கலான இடம் இருக்கிறது. மாதிரியை உருவாக்கும்போது தரவைத் துப்புரவாக்குவதற்காக எழுதிய பொதுவான சிறு நிரல்கள் அங்கே கிடக்கின்றன. எந்த ஊரிலும் எந்தத் தொழிலிலும் பயன்படக்கூடிய அவற்றைக்கூட நான் எடுக்கவில்லை. நேர்மை என்று அதற்குப் பெரிய பெயர் வைக்கவேண்டாம். ஏழு ஆண்டுகளுக்கு முன் தெரியாமல் எழுதியதை இப்போது தெரிந்து எழுதினால் பாதி நீளத்தில் முடியும் என்பதும் ஒரு காரணம்.

‘எல்லாம் சேர்ந்து ஒரு பென் டிரைவில் அடங்கிடுமே, யாருக்குத் தெரியப்போகுது’ என்று கேட்ட நண்பர் உண்டு. அடங்கும்தான். ஆனால் பணகுடிக் காற்றைப் பழகிய மாதிரியைத் தாராபுரத்துக்குக் கொண்டுபோனால், அது பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்து விழிக்கும். நான் போகவிருந்ததோ காற்றே இல்லாத வேலைக்கு: சென்னையில் ஒரு மருந்து மொத்த வணிக நிறுவனத்தில், எந்த மருந்து எந்த ஊருக்கு எவ்வளவு தேவைப்படும் என்று கணிக்கும் பணி.

எனக்குப் பின் பொறுப்பேற்கவிருந்தவர் அம்பாசமுத்திரத்துப் பெண். புள்ளியியல் படித்து இரண்டு ஆண்டுகளாக எங்களிடம் இருந்தவர். நிர்வாகம் என்னிடம் கேட்டது பயனர் கையேடு ஒன்றை. அதை மூன்று நாளில் எழுதி முடித்தேன்: எந்தப் பொத்தானை எப்போது அழுத்தவேண்டும், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, நிரல் நூலகங்களின் எந்தப் பதிப்பு வேண்டும், அது மாறினால் சேமித்துவைத்த மாதிரி ஏன் திறக்காமல் போகலாம் என்பது போன்றவை. வழக்கமான சங்கதிகள். அதை வாங்கிக்கொண்டு போன அந்தப் பெண் மறுநாள் காலை நிரலின் ஒரு வரியைத் திறந்துவைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“இந்த 22 எதுக்குண்ணா?”

அது எளிது. ஜிஎஃப்எஸ் தன் நேரத்தை உலகப் பொது நேரத்தில் குறிக்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கால் மணிப் பகுதிகளாக எண்ணினால் ஐந்தரை மணி என்பது 22 பகுதிகள். முதல் பருவத்தில் இந்த நகர்த்தலைச் செய்ய நான் மறந்துவிட்டேன். பிற்பகல் மூன்று மணிக்கு உச்சம் தொடவேண்டிய காற்று என் வரைபடத்தில் காலை ஒன்பதரைக்கே உச்சம் தொட்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் ஓய்ந்துபோய்க்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு நாள் ஆயிற்று. கண்டுபிடித்த மகிழ்ச்சியில் 22 என்ற எண்ணை மட்டும் எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை. எனக்குத்தான் தெரியுமே!

“அப்ப இந்த 0.93?”

இதற்கு என்னிடம் விடை இல்லை. ஒரு குறிப்பிட்ட ஃபீடரின், அதாவது ஒரு தொகுதிக் காற்றாலைகளின் மின்சாரத்தைத் துணை மின் நிலையத்துக்குக் கொண்டுபோகும் மின்பாதையின், கணிப்பு முழுவதையும், மாதிரி தன் எண்ணைத் தந்த பிறகு, 0.93ஆல் பெருக்கியிருந்தேன். எழுதியது நான்தான் என்பதற்குச் சான்று இருந்தது. நிரல் மாற்றப் பதிவில் என் பெயர், ஒரு ஆகஸ்ட் மாதத் தேதி, பக்கத்தில் ‘சிறு திருத்தம்’ என்ற விளக்கம். அந்த விளக்கத்தை எழுதிய ஆளை அன்றைக்கு நான் நேரில் கண்டிருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன். மின்னஞ்சல்களில் தேடினேன், நாட்குறிப்பில் தேடினேன், பயன் இல்லை. கடைசியில் பணகுடி வளாகத்தின் ஆபரேட்டர் அண்ணாச்சியைத் தொலைபேசியில் அழைத்து, அந்த ஆகஸ்டில் அந்த ஃபீடரில் என்ன நடந்தது என்று கேட்டேன். அறுபதை நெருங்குகிறவர். காற்றாலையை ‘காத்தாடி’ என்றே சொல்லுவார்.

“அந்த லைன்ல மொத்தம் பதினாலு காத்தாடில்லா தம்பி. அதுல ஒன்னு ஆடி மாசம் கியர் பாக்ஸ் போயி நின்னுட்டு. மறந்துட்டியளா?”

பதினான்கில் பதின்மூன்றுதான் ஓடியது. 13ஐ 14ஆல் வகுத்தால் 0.93. நின்றுபோன இயந்திரத்தை, இயங்கும் திறனைக் குறிக்கும் பட்டியலில் கழித்திருக்கவேண்டும். அதற்காகத்தான் அந்தப் பட்டியல் இருக்கிறது. ஆடிக் காற்றின் நடுவில், மறுநாளுக்கான 96 எண்களை அனுப்பும் அவசரத்தில், நான் குறுக்கு வழியில் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறேன். அந்த இயந்திரம் எப்போது சரியானது என்று கேட்டேன். ‘அது தைக்குள்ள சரி பண்ணியாச்சே’ என்றார். அதாவது, அதன்பிறகு வந்த இரண்டு பருவங்கள் முழுவதும், பதினான்கும் ஓடிய ஃபீடரைப் பதின்மூன்று என்றே நான் அறிவித்துக்கொண்டிருந்தேன். பிழை அனுமதித்த வரம்புக்குள்ளேயே கிடந்ததால் கட்டணம் வரவில்லை. கட்டணம் வராததால் யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காததால் நானும் பார்க்கவில்லை. என் கண்ணெதிரில், என் கையிலேயே இருந்த மாதிரி இது. நான் இல்லாதபோது என்னவாகும் என்ற கவலை அன்றைக்குத்தான் உண்மையாகவே பிடித்துக்கொண்டது.

காற்றாலை பழுதானால் நின்றுவிடும், ஊரே பார்க்கும். மாதிரி பழுதானால் நிற்பதில்லை. நேற்றுத் தந்த அதே மிடுக்கோடு இன்றைக்கும் 96 எண்களைத் தரும். அது பழுதாவதற்கு யாரும் அதைத் தொடவேண்டியதும் இல்லை. வெளியே உலகம் மாறினால் போதும். எங்கள் பக்கத்தில் 1990களில் நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் இன்னும் நூற்றுக்கணக்கில் சுற்றுகின்றன. அவற்றின் சுழலி ஏறக்குறைய 30 மீட்டர் உயரத்தில் இருக்கும். பழையவற்றைக் கழற்றிப் புதியவற்றை நிறுவவும், ஆயுளை நீட்டிக்கவும் தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. புதிய இயந்திரங்களின் சுழலி நூறு மீட்டருக்கும் மேலே போய்விடுகிறது. அங்கே வீசுவது வேறு காற்று. ஒரு வளாகத்தில் இந்த மாற்றம் நடந்த அன்றைக்கு, அந்த இடத்துக்காக ஆண்டுக்கணக்கில் சேர்த்த பழைய தரவு பழங்கணக்காகிவிடும். மாதிரிக்கு இதை யாரும் போய்ச் சொல்லப்போவதில்லை.

எனவே மீதமிருந்த நாட்களில் கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு வேறொரு குறிப்பேட்டை எழுதத் தொடங்கினேன். மாதிரிக்கு என்னென்ன தெரியாது, நான் எங்கெங்கே தவறினேன், எந்தெந்த எண் எந்தக் காரணத்தால் வந்தது, அந்தக் காரணம் எப்போது காலாவதியாகும் என்பவை மட்டுமே அதில் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன். அலுவலகமோ கடைசி வாரம் வரை புதிய வளாகம் ஒன்றைச் சேர்த்துத் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தது. குறிப்பேட்டின் பெரும்பகுதி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எழுதப்பட்டது. விலகப்போகிற மாதத்தில் எழுதும் குறிப்பு அரைகுறையாகத்தான் வரும். வேலையில் இருக்கும்போதே, 22 என்று எழுதிய அந்த நிமிடத்திலேயே எழுதியிருக்கவேண்டும். எனக்கு அப்போது புத்தி இல்லை.

அதில் நீளமான பகுதி ‘பேக்டவுன்’ பற்றியது. மின்தேவை குறைந்த நேரத்தில் காற்று மிகுந்து வீசினால், உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி மாநில மின்சுமை மையத்திலிருந்து அறிவுறுத்தல் வரும்; ஆபரேட்டர்கள் இயந்திரங்களை நிறுத்துவார்கள். தரவில் அது எப்படித் தெரியும்? காற்று வினாடிக்கு 11 மீட்டர், மின்சாரம் சுழியம். இதை அப்படியே பயிற்சித் தரவில் விட்டுவைத்தால், பலமாகக் காற்று வீசினால் மின்சாரம் வராது என்று மாதிரி சிரத்தையாகக் கற்றுக்கொள்ளும். துணை மின் நிலையத்தில் ஃபீடர் துண்டிக்கப்பட்ட நேரங்களும் அப்படியே. ஆகவே அந்த நேரங்களை எல்லாம் பொறுக்கி நீக்கவேண்டும். அவற்றை நான் ஏழு ஆண்டுகளாக ஓர் எக்செல் கோப்பில் கையால் குறித்துவந்தேன். சில தொலைபேசியில் கேட்டவை, சில வளாகத்துப் பதிவேடுகளை நேரில் புரட்டிப் பார்த்துக் குறித்தவை. மாதிரி அழிந்துபோனால் இரண்டு வாரத்தில் மறுபடி கட்டிவிடலாம், இந்தக் கோப்பு அழிந்துபோனால் ஏழு ஆண்டுகள் போனதுதான் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். உரிமைச் சட்டம் பேசும்போதும், ‘மாடலை’ விட்டுவருகிறாயே என்று நண்பர்கள் இரக்கப்படும்போதும், மதிப்பு எல்லாம் அந்தக் கணித வடிவத்தில் இருப்பதாகவே பேசுகிறார்கள். இந்த எக்செல் கோப்பைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

இன்னொன்றும் விட்டுவந்தேன்: ஒரு தராசு. கணிப்புத் துறையில் மிகப் பழைய சோம்பேறிக் கணிப்பு ஒன்று உண்டு. இப்போது என்ன வருகிறதோ அதுவேதான் அடுத்த பகுதியிலும் வரும் என்று சொல்லிவிடுவது. அடுத்த கால் மணிக்கு அதை வெல்வது கடினம். மூன்று மணி நேரம் தாண்டினால் எந்த உருப்படியான மாதிரியும் அதை வென்றாகவேண்டும். ஒவ்வொரு நாளும் மாதிரியின் பிழையையும் சோம்பேறிக் கணிப்பின் பிழையையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடும்படி செய்தேன். மூன்று மணி நேரக் கணிப்பில் தொடர்ந்து இரண்டு வாரம் மாதிரி தோற்றால் என்னை நினைத்துத் தயங்காமல் அதைத் தூக்கிப் போட்டுவிடவேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஆயிற்று.

எஞ்சியது ‘தொப்பி’. மாதிரிக்குள் போகும் தரவு அட்டவணையில் அந்தப் பெயரில் ஒரு நெடுவரிசை இருந்தது. மதிப்பு 1 அல்லது 0. பணகுடிக்கு மேற்கே மகேந்திரகிரி நிற்கிறது. அதன் அடிவாரத்தில்தான் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை மையம். விடிகாலையில் அந்த மலையின் உச்சியை மேகம் மூடியிருந்தால் அன்றைய காற்று நேரத்தோடு வரும், மலை வெளுத்துத் தெரிந்தால் தாமதமாகும் என்று அண்ணாச்சி எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னார். இரண்டு பருவம் குறித்துப் பார்த்தேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணி வாக்கில் அவர் என்னை அழைப்பார். ‘தொப்பி போட்டிருக்கு’ அல்லது ‘தொப்பி இல்ல’. நான் 1 அல்லது 0 என்று பதிவேன். இதற்காக அவருக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அது அவருடைய வேலையும் இல்லை. எந்தப் படிவத்தில் எப்படி எழுதி இதை ஒப்படைப்பது?

ஒரு ஜனவரி முற்பகலில் நாகர்கோவில் பேருந்து ஏறி இருவரும் பணகுடிக்குப் போனோம். காற்றில்லாக் காலம், வரிசை வரிசையாகக் காத்தாடிகள் ஓய்ந்து நின்றன. கட்டுப்பாட்டு அறையில் அண்ணாச்சி சுக்குக் காப்பி வருவித்துக் கொடுத்தார். இனிமேல் இவரிடம்தான் சொல்லவேண்டும் என்று அறிமுகப்படுத்தினேன். அந்தப் பெண் கைபேசி எண்ணைக் குறித்துக்கொண்ட கையோடு, ஒரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார்:

“தொப்பின்னா எப்படி இருக்கும் அண்ணாச்சி? எப்பவும் ஒரே மாதிரியா இருக்கும்?”

“அது எப்படிம்மா ஒரே மாதிரி இருக்கும்? வெள்ளைத் தொப்பி வேற, கருந்தொப்பி வேற. வெள்ளைன்னா காத்து நின்னு வீசும். கருப்புன்னா சாரல் இறங்கிரும், வந்த காத்தும் செத்துப்போகும். இந்தத் தம்பி போட்டிருக்கா இல்லையான்னு மட்டுந்தான் கேப்பாரு. நானும் கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன்.”

ஐந்து ஆண்டுகள் நாள்தோறும் அவரோடு பேசியிருக்கிறேன். மாதிரி சில நாட்களில் காற்று வரும் என்று அடித்துச் சொல்லி, பிற்பகலில் மண்ணைக் கவ்வியதும், அந்த நாட்களைப் ‘புரியாதவை’ என்று தலைப்பிட்டு நான் ஒதுக்கிவைத்ததும் நினைவுக்கு வந்தன. குறிப்பேட்டில் அந்தப் பட்டியலும் இருந்தது. அந்தப் பெண் அதைப் பையிலிருந்து எடுத்து, தேதி தேதியாகப் படித்துக் காட்டி, அன்றைக்கு எந்தத் தொப்பி என்று கேட்கத் தொடங்கினார். அண்ணாச்சிக்கு நான்கு தேதிகள் நினைவிருந்தன. நான்கும் கருப்பு. நான் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் விலகி, பங்குனியில் சென்னைக்கு வந்தேன். இங்கே எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுச்சென்ற மாதிரியை மூன்றாம் நாள் திறந்தபோது, நவம்பர் மாதம் என்றால் ஒரு மருந்து வகையின் தேவையை 1.4ஆல் பெருக்கு என்று ஒரு வரி இருந்தது. மழைக்காலக் காய்ச்சலாக இருக்கலாம். ஏதோ ஒரு பெரிய வாடிக்கையாளர் ஏதோ ஓர் ஆண்டு மொத்தமாக வாங்கியதாகவும் இருக்கலாம். அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. அவருடைய எண்ணை வாங்கிவைத்திருக்கிறேன், இன்னும் அழைக்கவில்லை.

வைகாசி பிறந்த இரண்டாவது வாரத்தில், காலை ஆறரை மணிக்கு என் கைபேசி அடித்தது.

“தம்பி, காத்து வந்துட்டு. வெள்ளைத் தொப்பி.”

அந்தப் பெண்ணிடம் சொல்லவேண்டுமே அண்ணாச்சி என்றேன் பதறிப்போய்.

“அது ஆறேகாலுக்கே சொல்லியாச்சு. உங்ககிட்டயும் சொல்லணும்லா?”

எத்தனை மணிக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

“அத அந்தப் பிள்ளைகிட்ட கேட்டுக்கிடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.